டர்பைன் வாங்கும் முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

காருக்கு நீயே பெயின்ட் அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். காற்றை டாங்கில் அழுத்தி வைத்துத் தரும் கம்ப்ரஸரா, விசிறி சுழற்றி நேராக ஊதும் டர்பைனா என்றால், வீட்டு வேலைக்கு டர்பைன்தான் என்பேன். கார் பெயின்ட்டைத் தூவும் கன்னுக்கு இடைவிடாமல் காற்று கொடுக்கப் பெரிய கம்ப்ரஸர் வேண்டும். அதன் டாங்கில் சேரும் தண்ணீரும் எண்ணெயும் பெயின்ட்டில் கலந்தால் குழி குழியாகும். தடுக்க வடிகட்டிகள் வேண்டும். டர்பைனில் அந்தத் தொல்லை இல்லை.

வாட் கணக்கைப் பார்த்து ஏமாறாதே. 2 ஸ்டேஜ், அதாவது இரண்டு விசிறி அடுக்குள்ள டர்பைன், கன்னின் வாயிலுள்ள ஏர் கேப்பில் 4, 5 பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். மரத்துக்கு வார்னிஷ் அடிக்க அது போதும். காருக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான 2கே கிளியர் கோட், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிப்பது, கெட்டியானது; அந்த அழுத்தத்தில் பொடியாக உடையாது. பெரிய துளிகளாக விழுந்து, பரவிச் சமமாகும் முன்பே இறுகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி நின்றுவிடும். உடனே பெயின்ட்டை நீர்க்க வைக்கும் தின்னரைக் கூட்டத் தோன்றும், கூட்டாதே. பேனல் ஓரத்தில் வடியும், படலம் மெலியும், நாளாக ஆகப் பளபளப்பும் மங்கும். 4 ஸ்டேஜுக்குக் குறைந்து வாங்காதே, முடிந்தால் 5. விற்பவரிடம், ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது ஏர் கேப்பில் எத்தனை பிஎஸ்ஐ என்று கேள். காற்றை அடைத்து வைத்து அளந்த எண் பெரிதாகத் தெரியும், அது வேலைக்கு ஆகாது.

அடுத்தது சூடு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டர்பைன் காற்று வெதுவெதுப்பாக வருவதால், துளி பேனலைத் தொடும் முன்பே தின்னர் பாதி ஆவியாகிவிடும். அடித்த இடத்தைக் காய்ந்தபின் விரலால் தடவினால் உப்புத்தாள் போல நறநறவென்றிருக்கும். அதனால் மெதுவாக ஆவியாகும் தின்னரையே கேட்டு வாங்கு. கலக்கும் அளவை மட்டும் டப்பாவில் உள்ளபடியே வை. கன்னைப் பேனலிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் பிடி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடட்டும். ஹோஸ் நீளமாக இருந்தால் வழியிலேயே காற்று கொஞ்சம் ஆறும்.

அந்த நீளம் இன்னொன்றுக்கும் உதவும். டர்பைன் மோட்டாரின் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கும், தின்னர் ஆவியோ தீப்பிடிக்கும். மிஷினைப் பெயின்ட் அடிக்கும் இடத்துக்கு வெளியே, சுத்தமான காற்றில் வை. உள்ளே வைத்தால் பெயின்ட் தூசு ஃபில்டரை அடைத்து அழுத்தமும் இறங்கும். எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும்; மெல்லிய வயரில் மோட்டார் வேகம் குறையும்.

கன் விஷயத்தில், ட்ரிகரை விட்டதும் காற்று நிற்கும் வகையே நல்லது. மற்றது சும்மா பிடித்திருக்கும்போதும் ஊதித் தரைத் தூசியைக் கிளப்பும். நாசில் துளை, நிறம் தரும் பேஸ் கோட்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர், அடிப்பூச்சான பிரைமருக்கு 1.8. ஊசியும் நாசிலும் ஜோடியாக வருகிறதா, உதிரியாகக் கிடைக்குமா என்று பார்.

கன்னிலிருந்து பெயின்ட் கப்புக்குக் காற்று கொண்டு போகும் சின்னக் குழாயில் ஒரு ரப்பர் வால்வு உண்டு. பெயின்ட் விட்டு விட்டு வந்தால் கன்னைப் பிரிக்கும் முன் அதைப் பார். கப் சாய்ந்து பெயின்ட் உள்ளே ஏறி இறுகியிருக்கும்.

கிளியர் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவையும் கொண்டு வரும். கரி மாஸ்க்கின் வடிகட்டும் சக்தி தீர்ந்துபோனாலும் உனக்கு வாசம் காட்டிக் கொடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க்கை டர்பைனோடு சேர்த்தே வாங்கு. பணம் போதாவிட்டால் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடு, மாஸ்க்கை விடாதே.

அன்புடன்,
அப்பா