பழவேற்காடு ஏரியில் பரவும் காக்கா ஆழியை அகற்றக் கோரி மனு

அனுப்புநர்:
கையால் இறாலும் மட்டியும் பிடித்துப் பிழைக்கும் பெண்கள்,
பழவேற்காடு ஏரிக்கரை.

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பியை மழைக்காலத்துக்கு முன் அகற்றித் தரக் கோருதல். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் விண்ணப்பித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஏரியும் முகத்துவாரமும் தாங்கள் நேரில் பார்த்த இடங்கள்தான். அதனால் வழி விவரம் எழுதவில்லை. எங்கள் குறையைப் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

1. படகும் வலையும் உள்ளவர்களுக்கு, முறை வைத்து இடம் பிரித்து மீன் பிடிக்கும் பாடு முறை உண்டு. எங்களுக்குப் பாடும் இல்லை, வலையும் இல்லை. பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவித்தான் இறால் பிடிக்கிறோம். மஞ்சள் மட்டியும் அப்படித்தான். விரலில் படுவதுதான் அன்றைய வருமானம்.

2. எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தை மூடிய காக்கா ஆழி இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. இது தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது என்றும், கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிக்கொண்டு வந்து இங்கே கொட்டும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்றும் படித்தவர்கள் சொல்கிறார்கள். நார் விட்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தரை முழுவதும் பாய் விரித்ததுபோல் படர்கிறது. அடியில் சேறு கறுத்து நாறுகிறது. இறால் புதைய இடமில்லை. மட்டி மூச்சு முட்டிச் செத்து, வெறும் ஓடுதான் கைக்கு வருகிறது.

3. எங்களுக்குப் பெரிய வேதனை கைதான் ஐயா. கண்ணுக்குத் தெரியாத கலங்கல் தண்ணீரில் விரலை நம்பித்தான் வேலை. அந்த விரல் இப்போது ஓட்டின் விளிம்பில் போய் விழுகிறது. நகக்கண், உள்ளங்கை, முழங்கால், பாதம் என்று எல்லா இடத்திலும் கீறல். ஆறுவதற்குள் மறுநாள் உப்புத் தண்ணீரில் இறங்க வேண்டும். வீங்கிச் சீழ் பிடிக்கிறது. சோறு பிசைய முடியவில்லை, பிள்ளைக்குத் தலை பின்ன முடியவில்லை. சர்க்கரை உள்ள ஒரு அக்காவுக்குக் கால் விரலையே எடுத்தாயிற்று. உறை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உறை போட்ட கைக்கு இறால் எப்படித் தட்டுப்படும்? இதை எத்தனை முறை சொல்லியாயிற்று!

4. மனு கொடுத்தால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், பையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம் இது. கேரளத்து அஷ்டமுடிக் காயலிலும் இதே ஆழி பரவியிருக்கிறது. 2014-இல் உலகத் தரச் சான்று வாங்கிய மட்டித் தொழில் நடக்கும் இடம் அது. எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்த பிறகும் ஏன் ஐயா யாரும் இறங்கவில்லை? நாங்கள் தினமும் இறங்குகிறோமே!

5. அகற்றுங்கள். மழைக்கு முன் அகற்றுங்கள்.

6. சுரண்டி எடுப்பதைக் கரையோரத்திலேயே குவிக்கக் கூடாது. அலை அடித்தால் திரும்ப உள்ளேதான் போகும். தண்ணீர் ஏறாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், மிஷின் இறக்கினால் மிச்சமிருக்கும் மட்டித் திட்டுகளை வாரிவிடாமல் பார்க்க வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும், காட்டுகிறோம். அந்த வேலையைக் கூலிக்கு எங்களுக்கே கொடுத்தாலும் செய்கிறோம். அது முடியும்வரை எங்கள் குடும்பங்களுக்கு நிவாரணமும், ஏரிக்கரையிலேயே வாரம் ஒரு மருத்துவ முகாமும் வேண்டும். படகு இல்லை என்பதற்காக எங்களை மீன்பிடிப்பவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். பறியோடு இறங்குகிறவர்களும் மீன்பிடிப்பவர்கள்தான்.

எங்களோடு ஒருமுறை தண்ணீர் வற்றும் நேரத்தில் வந்து பாருங்கள் ஐயா. காக்கா ஆழியை மழைக்கு முன் அகற்றித் தருமாறு தங்களை மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைப் பெண்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைக்கப்பட்டுள்ளன)