அப்பாவின் வயலின் இப்போது வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பீரோ மேலிருந்து அப்பாவின் வயலின் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வயலினைப் பாப்பாவின் மடியில் வைத்து எடுத்திருக்கிறாய். "விஜயதசமிக்கு இதையே கையில கொடுத்து ஆரம்பிச்சுடலாம்ல அக்கா?" என்று கேட்டிருந்தாய். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு உடனே பதில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். மூன்றாவது, நான்காவது படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயலின் வகுப்பில் சேர்க்க என் வீட்டுக்கு வருகிறவர்கள் பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன்.

எட்டு வயதில் அந்த முழு அளவு வயலினில்தான் நான் ஆரம்பித்தேன். உனக்கு அப்போது நாலு வயது, நினைவிருக்காது. நம் வீட்டில் பள்ளிக்கூடப் பாவாடையை எப்போதும் தளர்வாகத்தான் தைப்பார்கள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகும் என்று. பாவாடையை ஊக்கு குத்திச் சமாளித்துவிடலாம். வயலினுக்கு ஊக்கு குத்த முடியாது. சம்மணம் போட்டு, வலது கணுக்கால்மேல் வயலினின் சுருண்ட தலையை வைத்து, மறுமுனையை இடது காறை எலும்பில் சாய்த்து உட்கார வேண்டும். எனக்கு அந்த நீளம் கொள்ளவில்லை. காலை இன்னும் முன்னே தள்ளினேன், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கைக்கு எட்டவில்லை, மணிக்கட்டை உள்ளே மடக்கி வயலினுக்கு முட்டுக் கொடுத்தேன். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். நான் வளர்ந்தேன், மணிக்கட்டு மடங்கியபடியே வளர்ந்தது. நம் கர்நாடக சங்கீத முறையில் கை தந்திமேல் மேலும் கீழும் வழுக்கிப் போக வேண்டும், அதில்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பிறக்கிறது. முட்டுக் கொடுக்கிற கை எப்படி வழுக்கும்? அந்த ஒரு பழக்கத்தை விடுவதற்கு எனக்குப் பதினாறு வயதாகிவிட்டது. நடுவில் இரண்டு வருஷம் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிள்ளைகளுக்கென்றே சின்ன வயலின் இருக்கிறது. கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அரை அளவு என்றால் பாதி நீளம் என்று நினைத்துவிடாதே. முழு வயலினின் உடல் 14 அங்குலம் என்றால், அரை அளவு வயலினின் உடல் சுமார் 12½ அங்குலம் இருக்கும். அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் எட்டு வயதுக் கையின் சுகமும் வலியும் இருக்கிறது. இன்றைக்கே ஒரு டேப்பை எடு. பாப்பா இடது கையைப் பக்கவாட்டில் நீட்டட்டும். கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்து பார். 20 அங்குலம் வந்தால் அரை அளவு, 22 வந்தால் முக்கால். இரண்டுக்கும் நடுவில் வந்தால் சின்னதையே எடு. யாராவது வாசித்துவிட்டுக் கொடுக்கிற பழையதாக இருந்தாலும் போதும். கடைக்காரர் மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்துக் கொடுப்பார், அதை அப்படியே விட்டுவிடு. சா, பா, சா, பா என்று நான் மாற்றிக்கொள்கிறேன்.

அடுத்தது உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியது. முதல் வருஷம் அவளிடம் பாட்டு கேட்காதே. "ஆறு மாசம் ஆச்சே, எங்கே ஒண்ணு வாசி பார்ப்போம்" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடையேற்றலாம் என்பார்கள். நீ குறுக்கே நில். அதுவும் பெரிய அளவில் தைத்த பாவாடைதான் தம்பி, வேறு துணியில்.

வீணையின் தண்டில் குறுக்கே பதித்த 24 மெட்டுகள் உண்டு, விரலுக்கு இடம் தெரியும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும். வயலினில் கோடும் இல்லை, மெட்டும் இல்லை, காதுதான் வழிகாட்டி. அதனால் முதல் சில வாரங்கள் இடது கைக்கு வேலையே கொடுக்கமாட்டேன். போவை, அதாவது வில்லை, பிடிக்க வேண்டும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு இணையாக இழுக்க வேண்டும், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு ஒரே இழுப்பு. சா, பிறகு பா. போ கோணலாகப் போனால் கீச்சிடும், அழுத்தினால் கரகரக்கும், பக்கத்துத் தந்தியில் பட்டால் இரண்டும் சேர்ந்து அலறும். அந்தச் சத்தம் எல்லாம் அவள் கை வழி தேடுகிற சத்தம். டிவியின் ஒலியைக் கூட்டிவிடாதே, கதவைச் சாத்தாதே. பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள், ஒரே வாரத்தில் போவை மெதுவாக, பயந்து பயந்து தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் முதல் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில். ஆரம்பப் பாடங்களை 16ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. அந்த ராகத்தை ஏன் எடுத்தார்கள் என்பது வயலினில் விரலை வைக்கும்போது எனக்கு நன்றாகப் புரியும். சா சும்மா இருக்கும் தந்தி. ரி ஆள்காட்டி விரல், வயலினின் தலைப்பக்கம் ஒட்டி. கா நடுவிரல், நன்றாகத் தள்ளி. மா மோதிர விரல், நடுவிரலைத் தொட்டுக்கொண்டு. அடுத்த தந்திக்குப் போனால் பா, த, நி, மேல் சா, அதே விரல்கள், அதே இடைவெளிகள். ஒரு கை வடிவம் கற்றால் ஸ்தாயி முழுவதும் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கிற அன்று பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வரிசையையும் வாயால் பாடி, கையால் தாளம் போட்டபிறகுதான் வயலினைத் தொடவிடுவேன். பாட வராது என்று அவள் சொன்னால் நீயும் கூட உட்கார்ந்து பாடு.

பாட்டு எப்போது என்றால், ஒரு வருஷம் கழித்து நோட்டுஸ்வரத்தில் தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். இந்தக் கதையைப் பாப்பாவுக்கு ராத்திரி சொல். சென்னைக்கு வந்த ஐரோப்பியர் ஒருவரிடம் இந்த வாத்தியத்தைக் கற்று, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், அந்த நாளில் காதில் விழுந்த ஆங்கிலேய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லை. மாயாமாளவகௌளையிலிருந்து அங்கே போக ரியும் தவும் மட்டும் மாறினால் போதும். இரண்டும் ஆள்காட்டி விரலின் இடங்கள். அந்த ஒரு விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், குழந்தை வேறொரு ராகத்துக்குள் நிற்கிறது.

வீட்டில் நீ செய்ய வேண்டியது அதிகமில்லை. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு மணி நேரம் என்பது வேண்டவே வேண்டாம், சின்ன விரல்கள் நொந்துபோகும். வாசித்து முடித்ததும் போவின் திருகைத் தளர்த்திவைக்கச் சொல். வெயில் படுகிற ஜன்னலோரத்திலோ நிறுத்திய காரிலோ வயலினை விடாதே, பசை விட்டுக்கொள்ளும். முக்கியமாக, அந்தப் பத்து நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார். திருத்தாதே, கேள். அப்பா எனக்கு விலை உயர்ந்த வாத்தியத்தைக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார அவருக்கு நேரம் இருந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, மில்லில் இரண்டு ஷிப்டு பார்த்தவர். உனக்குச் சாயங்காலங்கள் இருக்கின்றன.

விஜயதசமிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடு. வரும்போது அப்பா வயலினையும் எடுத்து வா. இத்தனை வருஷத்தில் தந்தியை முறுக்குகிற பிருடைகள் இறுகியிருக்கும், போவில் முடி உதிர்ந்திருக்கும். இரண்டையும் சரிபார்த்து, தந்தி மாற்றி என்னிடமே வைத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அவள் கையை அளப்போம். அவள் பன்னிரண்டு வயதை ஒட்டி, கை போதிய நீளம் வருகிற அன்று நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா