அடுத்த முறை என்னைத் திருத்தாதே

அன்பு மகளுக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தோம். அம்மா வந்த கையோடு முற்றம் கூட்டத் தொடங்கிவிட்டா, நான் சனசமூக நிலையத்தில் கோலாலம்பூர்க் கதை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒரு முறைப்பாடு இருக்கிறது பிள்ளை. அங்கே நான் வாய் திறந்த இடமெல்லாம் நீ குறுக்கே வந்து "அப்பா, அது அப்படியில்லை" என்றாய். றொட்டிக் கடைப் பொடியன் என்னைப் பார்த்து "அபா?" என்றதும், என்ன மரியாதையான பிள்ளை என்று உருகிப்போய், "ஓம் மகன், சொல்லும்" என்றேன். மலாயில் அபா என்றால் 'என்ன' என்று நீ விளங்கப்படுத்தி முடிக்கும் முன்னமே அவன் சிரித்துக்கொண்டு 2 றொட்டியைத் தட்டில் போட்டுவிட்டான். காரியம் நடந்ததா இல்லையா?

டாக்சிக்காரர் கதவைத் திறந்து "மாரி, மாரி" என்று கையசைத்தபோது நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன், ஐப்பசி கார்த்திகையைக் கண்டவன் வேறு எங்கே பார்ப்பான்? 'வாருங்கோ' என்றாராம். சரி, ஆனால் உங்கள் ஊரில் பின்னேரமானால் மழைதானே, ஏறியிருந்த உடனே கொட்டியது.

அம்மாவின் கதை இதைவிட மேல். உங்கள் கட்டடத்தில் லிப்டுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'கோலம் றெனாங்' என்று போட்டு அம்புக்குறியும் கீறியிருந்தது. "இஞ்சையும் ஆரோ கோலம் போடுகினம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனா. போய்ப் பார்த்தால் பிள்ளைகள் தண்ணீருக்குள் குதிக்கிறார்கள், நீச்சல் குளம்! எங்கள் குளம்தான் கப்பலேறிப் போய்க் கோலமாகியிருக்கிறது. கப்பலும் அங்கே கப்பல்தான், கடை கெடாய், கட்டில் காத்தில். கோயில் மட்டும் குயிலாகிவிட்டது. பிரிக்பீல்ட்சில் எங்கள் ஆட்கள் கட்டிய கந்தசுவாமி கோயிலில், இந்த நினைப்பு வந்து, கும்பிடும்போதே எனக்குச் சிரிப்பு. நீ முறைத்தாய்.

அப்புறம் பெரியப்பா. மலாயா ரயில்வேயில் இருந்து பென்சனோடு வந்தவர், சுருட்டைச் 'செருத்து' என்பார். பல்லுப் போனதால்தான் அப்படி என்று சின்ன வயதில் நாங்கள் நினைத்துச் சிரித்தோம். உங்கள் சந்திக் கடையில் ஒரு கிழவர் அதே சொல்லைச் சொல்லிக் கேட்டு வாங்கினார், அவருக்கு 32 பல்லும் இருந்தது போலத்தான் தெரிந்தது.

அடுத்த முறை நான் கடைக்குப் போனால் நீ நாலு அடி பின்னால் வா. சின்னவளிடம் சொல்லு, அவளின் மலாய்ப் பாடப் புத்தகத்தைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பட்டும். மிளகாய்த்தூள் இடித்ததும் பார்சல் போடுகிறோம்.

அன்புடன்,
அப்பா