டிவிக்கு எதற்கு இரவல் பதிவேடு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு டிவி விளம்பரம் வரும் நாட்களில் அதை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எத்தனை அங்குலம், எத்தனை ஸ்பீக்கர், கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பது வரை எல்லாம் இருக்கிறது. ‘நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை இந்த டிவி குறித்துவைத்து வெளியே அனுப்பும்’ என்ற வரியை மட்டும் இதுவரை காணோம். நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில்கூடக் கிடையாது.

எங்கள் வீட்டு டிவியைச் சுவரில் மாட்டியது மகன். வைஃபை பாஸ்வேர்டைப் போட்டான். அப்புறம் வரிசையாக நான்கு கட்டங்கள் வந்தன. நான்கிலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிக்கொண்டே போனான். “இரு, என்னன்னு படிச்சுக்கறேன்” என்றேன். “அதெல்லாம் படிச்சா இன்னிக்கு டிவி பாக்க முடியாதும்மா” என்றான். உண்மைதான். அவன் கிளம்பிய பிறகு ஒரு மத்தியானம் செட்டிங்ஸுக்குள் புகுந்து அந்த ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்தேன். ரிமோட்டில் கீழ் அம்பை ஒரு முறை அழுத்தினால் இரண்டு வரி நகரும். எழுத்தோ எறும்பு ஊர்வது மாதிரி. கட்டைவிரல் வலித்து ஆள்காட்டி விரலுக்கு மாறினேன். பக்கத்தில் இருந்த என் கணவர், “செய்தி போயிடும்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதி தாண்டிய பிறகு அது வந்தது: திரையில் ஓடுவதை இன்னதென்று அடையாளம் கண்டு, அந்த விவரத்தை விளம்பரத்துக்காகப் பிறரோடு பகிர்ந்துகொள்வோம் என்று.

இந்த வேலைக்கு ஏசிஆர் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் படத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் டிவி அவ்வப்போது ஒரு துளி எடுத்து, அதை ஒரு கைரேகை போலச் சுருக்கி, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் கைரேகைகளோடு ஒப்பிட்டால் எந்தச் சேனல், எந்தப் படம், எந்த நிமிடம் என்பது தெரிந்துவிடும். டிவிக்குள் இருக்கும் ஆப்களோடு நின்றால்கூடப் பரவாயில்லை. லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தபோது, எச்டிஎம்ஐ வயரில் வேறு ஒரு கருவியை மாட்டி டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தினாலும் கைரேகை போவதைக் கண்டார்கள். ஒன்று சுமார் 15 விநாடிக்கு ஒரு முறை, இன்னொன்று சுமார் நிமிடத்துக்கு ஒரு முறை. செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் அது நின்றுபோனதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இந்தக் கடிதம் எழுதும் அளவுக்குத் தைரியம் கொடுத்தது அந்தக் கடைசி விஷயம்தான்.

முன்பு அணைத்தாலும் நிற்காத கதை உண்டு. 2013இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் எல்ஜி டிவி வெளியே என்ன பேசுகிறது என்று கவனித்தார். அனுப்பாதே என்று அணைத்த பிறகும் அது சேனல் விவரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் இருந்த கோப்புகளின் பெயர்களும் சேர்ந்தே போயின. நிறுவனம் ஒப்புக்கொண்டு, பிறகு மென்பொருளைத் திருத்தியது. இதைப் படித்ததும் எங்கள் பென்டிரைவை எடுத்துப் பார்த்தேன். மகன் போட்டுக்கொடுத்தது. பேத்தியின் பள்ளி நாடகத்துக்குக் கீழே ‘அப்பா ஆஞ்சியோ சிடி’ என்று ஒரு கோப்பு. எங்கள் டிவி அதை யாருக்கும் சொன்னது என்று நான் சொல்லவில்லை. ஒரு பெயரே எவ்வளவு சொல்லிவிடும் பாருங்கள்!

“நாம மறைக்க என்ன இருக்கு?” என்று மகன் கேட்டான். நான் 31 ஆண்டு நூலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். ஒருவர் காசநோய் பற்றிய புத்தகத்தை நாளிதழில் சுற்றி எடுத்துப்போவார், அதே நாளிதழில் சுற்றித் திருப்பித் தருவார். அவர் என்ன குற்றம் செய்தார்? ஒரு நாள் ஓர் அப்பா வந்து, கல்யாணமான தன் மகள் என்ன புத்தகம் எடுத்திருக்கிறாள் என்று கேட்டார். தெரியும். விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகம், அதை இரண்டாம் முறையாகப் புதுப்பித்திருந்தாள். “பதிவேட்டைக் காட்டுவதில்லைங்க” என்றேன். கோபித்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு இது தெரியவே தெரியாது. எங்களிடமும் பதிவேடு இருந்தது, ஆனால் அது புத்தகம் திரும்பி வருவதற்காக. டிவி யாருக்கும் எதையும் இரவல் கொடுப்பதில்லையே, அதற்கு எதற்குப் பதிவேடு?

வீடியோ கடைகள் இருந்த காலத்தில் அமெரிக்காவில் இதே சண்டை நடந்திருக்கிறது. 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். அவர் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடியோக்களின் பட்டியலைக் கடையில் வாங்கி ஒரு வாரப் பத்திரிகை போட்டுவிட்டது. பட்டியலில் வம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே, வாடிக்கையாளர் எடுத்த வீடியோ விவரத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நாளைக்குத் தங்கள் பட்டியலும் வெளியே வரலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் யோசித்திருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

டிவிக்கு அந்த வேகம் இல்லை. விசியோ என்ற டிவி நிறுவனம் 2014 முதல் 1.1 கோடி டிவிகளில், சொல்லாமல் கொள்ளாமல், விநாடிக்கு விநாடி பார்ப்பதைச் சேகரித்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. அந்த விவரத்தோடு வயது, வருமானம், திருமணமானவரா என்பதெல்லாம் ஒட்டப்பட்டு விற்பனைக்குப் போக வழி செய்தது என்றும் குற்றச்சாட்டு. 2017இல் 22 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது. வகுத்துப் பார்த்தேன், டிவி ஒன்றுக்கு 20 சென்ட் வருகிறது. அந்த வசதிக்கு செட்டிங்ஸில் வைத்திருந்த பெயர் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’. அதை வாசித்துவிட்டு இது வேவு பார்ப்பது என்று யாருக்குப் புரியும்? பெயர் வைப்பதில் எல்லோருமே கெட்டிக்காரர்கள். எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’, சாம்சங்கில் ‘வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’.

டிவியை மலிவாகக் கொடுக்க இந்த விளம்பர வருமானம்தான் உதவுகிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். அப்படியானால் கடையிலேயே இரண்டு விலை சொல்லட்டும், எது வேண்டும் என்று நான் சொல்கிறேன். கேட்பதைத் தமிழில், தனிக் கட்டத்தில், பெரிய எழுத்தில் கேட்கட்டும். நான் வாய் திறக்கும்வரை அது அணைந்தே இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் அங்குலத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இடம் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, இந்த நாளிதழை எடுத்ததும் நான் முதலில் திருப்புவது இரங்கல் பக்கத்தை. இப்போது நானாகச் சொன்னதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. (உங்கள் ஆப்பில் படிப்பவர்கள் கதை வேறு, அதை இன்னொரு கடிதத்தில் கேட்கிறேன்.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த டிவியில் எந்த மெனுவுக்குள் போய் எதை அணைக்க வேண்டும் என்று கம்பெனி வாரியாக அரைப் பக்கம் போடுங்கள். எங்கள் டிவியில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி உள்ளே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். எதிர் வீட்டுப் பாட்டிக்கு ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் மட்டும்தான் தெரியும். எழுத்து பெரிதாக இருந்தால் கத்தரித்து அவர் டிவிக்குப் பின்னால் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்