கல்லை எடுக்காமல் வந்த ராத்திரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஓர் அவசர அழைப்பு. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

போன வாரம் நடந்ததை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. நள்ளிரவு தாண்டி ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். எழுபது வயதிருக்கும். கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இல் பித்தநாளத் தொற்றுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களும் அப்படியே. அதோடு ரத்த அழுத்தமும் இறங்கி, பெற்ற மகனையே யாரென்று கேட்கும் அளவுக்கு நினைவு தடுமாறியிருந்தது. படிக்கிற காலத்தில் "ஐந்தும் சேர்ந்தால்?" என்று கேட்டு என்னை மடக்குவாயே, அந்த ஐந்தும் சேர்ந்திருந்தன.

பித்தநாளத்தைக் கல் அடைத்து, தேங்கிய பித்தம் சீழாகியிருந்தது. உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. அடைபட்ட நாளத்துக்குள் ஆன்டிபயாடிக்கும் சரியாகப் போய்ச்சேராது. இப்படி ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு 12 மணி நேரத்துக்குள் தேங்கிய பித்தத்தை வடித்துவிட வேண்டும். சலைனும் மருந்தும் ஏற்றிக் கொஞ்சம் நிலைப்படுத்தியதும் இ.ஆர்.சி.பி.க்கு, அதாவது வாய்வழியாக எண்டோஸ்கோப் குழாயை விட்டுப் பித்தநாளத்தைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு, எடுத்துப்போனோம்.

கம்பி பித்தநாளத்துக்குள் ஏறியதுமே பக்கத்தில் சீழ் வழிந்தது. கூட இருந்த இளம் டாக்டர், பித்தநாளத்தின் வாயை வெட்டிக் கல்லையும் எடுத்துவிடலாமா என்றார். நல்ல கைக்காரர், ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ரத்தம் உறையும் நிலையில் இல்லை. மேஜையில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குப் பாரம். எக்ஸ்ரேயில் நாளம் தெரிவதற்கான சாயத்தைக்கூட நிறையச் செலுத்தவில்லை. செலுத்தினால் அழுத்தம் கூடிக் கிருமி இன்னும் ரத்தத்துக்குள் போகும். பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். விடியும்போது ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. மறுநாள் சாயங்காலம் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இதற்கெல்லாம் வயிற்றைத் திறந்த காலத்தை நினைத்துப்பார். 1992இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், இதே மாதிரி கடுமையான நோயாளிகளில் அறுவைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 32 பேர் இறந்தார்கள், எண்டோஸ்கோப்பியில் 10 பேர். அந்த 22 பேரை நான் எண்ணாமல் இருந்ததில்லை.

அப்புறம் நீ கேட்டது: பித்தக்கல்லால் கணைய அழற்சி வந்தால் எல்லோரையும் உடனே இ.ஆர்.சி.பி.க்கு அனுப்பிவிடவா? காய்ச்சலும் காமாலையுமாகப் பித்தநாளத்தில் தொற்று இருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதே, அனுப்பு. தொற்று இல்லையென்றால் அவசரப்படாதே. நானே முன்பு கடுமையான அழற்சி என்றாலே குழாயை எடுத்தவன். 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். தொற்று இல்லாதவர்களுக்கு அவசரமாக இ.ஆர்.சி.பி. செய்ததால் உயிரிழப்போ பெரிய சிக்கல்களோ குறையவில்லை. போதாததற்கு, இந்தச் சிகிச்சையே கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடியது. இப்போதெல்லாம் ஆசனவாய் வழியாக இண்டோமெதசின் என்ற மருந்தை வைக்கிறோம், அது அந்த ஆபத்தைக் குறைக்கிறது. தொற்று இல்லாதவர்களுக்குச் சலைனும் வலிமருந்தும் கொடுத்து, முடிந்தவுடன் வாய்வழி உணவைத் தொடங்கி, தினமும் காமாலையையும் காய்ச்சலையும் பார்த்துக்கொண்டே இரு. நிலை மாறினால் எந்த நேரமானாலும் போன் செய்.

அந்த அம்மாவுக்கு ரத்தம் உறைவது சரியாகிவிட்டது. நாளைக் காலை முதல் ஆளாக அவருக்குத்தான் கல் எடுக்கிறோம். அதற்குப் பிறகு பித்தப்பையையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பேரன் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்