செவ்வாய்க்கிழமை ரகசியம்

சிரக்யூஸ், அமெரிக்கா,
அக்டோபர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "காசு கட்டி அக்கா தங்கச்சி சேர்த்துக்கிட்டியாக்கும்?" என்று கேட்டாய். பஸ்ஸில் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது விவரமாக எழுதுகிறேன்.

நான் சேர்ந்திருப்பது காமா ஃபை பீட்டா என்கிற சொராரிட்டி. பெண்கள் மட்டுமே உள்ள சங்கம். பெரும்பாலும் காலேஜில் படிக்கும்போதே சேர்ந்துவிடுவார்கள். எம்.எஸ். படித்தபோது, இந்த மாதிரிச் சங்கப் பெண்கள் சேர்ந்து தங்கும் வீடுகளைத் தாண்டித்தான் தினமும் லைப்ரரிக்குப் போவேன்; நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றிருந்தேன். படிப்பு முடிந்தவர்களையும் சேர்ப்பார்கள் என்று சொன்னது கீழ்வீட்டு அம்மாள்தான். போன ஜனவரியில் பனியில் என் கார் புதைந்தபோது மண்வாரியோடு வந்தாரே, அவர். வயது எழுபதுக்கு மேல்.

சங்கம் இந்த ஊரிலேயே பிறந்தது. 1874 நவம்பர் 11 அன்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு பெண்கள் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் இத்தகைய பெண்கள் சங்கங்களையும் 'சகோதரர்கள்' என்று பொருள்படும் ஆண்கள் சொல்லால்தான் அழைத்தார்களாம். 1882இல் ஃபிராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர், சகோதரி என்று பொருள்படும் 'சொரோர்' என்ற சொல்லிலிருந்து சொராரிட்டி என்று ஒரு பெயரைச் செய்து கொடுத்தார். வாத்தியார் ஒருவர் உருப்படியாகச் செய்த வேலை!

சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும் தீட்சைச் சடங்குக்கு வெள்ளை உடுத்தி வரச் சொன்னார்கள். "வெள்ளையா?" என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. வெள்ளைச் சுடிதார் போட்டு, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். என்னோடு நின்றதெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். முப்பத்திநாலு வயதில் அந்த வரிசையில் நிற்க வெட்கமாகத்தான் இருந்தது. முடிவில் கீழ்வீட்டு அம்மாள் எனக்குப் பிறை வடிவ ஊசி ஒன்றைக் குத்திவிட்டார். கை நடுங்கியது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் துணியில் ஏறியது. சேலை முந்தானைக்கு நீ பின் குத்தும்போது போலவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே என்னதான் நடந்தது என்று தம்பி துருவித் துருவிக் கேட்கிறான். சொல்லக் கூடாது. பெண்கள் மட்டும் கும்பிடும் ஔவையார் நோன்புச் செவ்வாய்க்கிழமை ராத்திரி அவனையும் அப்பாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாயே, உள்ளே என்ன கதை படித்தீர்கள், கொழுக்கட்டையை என்ன உருவத்தில் பிடித்தீர்கள் என்று அப்பாவிடம் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா? "அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி" என்று சொல்லிச் சொல்லியே தெருப் பெண்களைக் கூட்டிவிடுவாய். அந்த மாதிரிதான் என்று அவனிடம் சொல். வாயை மூடிக்கொள்வான்.

காசு விஷயம்: சேரும்போது ஒரு தொகை, அப்புறம் வருஷச் சந்தா. சும்மா இல்லைதான். ஆனால் இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷத்தில், எனக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஆள் இருப்பது இப்போதுதான்.

நவம்பர் 11 அன்று எல்லாரும் கூடுகிறோம். ஆளுக்கொரு பலகாரம். உப்பில்லாக் கொழுக்கட்டை இவர்கள் வாய்க்கு ஒத்துவராது, முந்திரிக்கொத்து செய்யலாம் என்றிருக்கிறேன். போன தடவை உருண்டை எண்ணெயில் உடைந்து போனது. கருப்பட்டிப் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மகள்