பழைய விளையாட்டுப் பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு போட்டு ஆடும் 1980களின் வீடியோ கேம் பெட்டிக்குள் கணினியைப் பொருத்துவோர், திரையிலும் பொத்தான்களிலும் காட்டும் அக்கறையைக் காற்றோட்டத்தில் காட்டுவதில்லை. நான் மாற்றியமைத்த பெட்டியில் அரை மணி நேர ஆட்டத்துக்குள் கணினி தானாக அணைந்துவிடும். பின்கதவைத் திறந்தால் மேல்பலகையின் உட்புறம் கை வைக்க முடியாதபடி சுடும். சூடான காற்று மேலெழும் என்பதால், அடியில் காற்று நுழையத் துளைகளும், பின்பக்க உச்சியில் அதை வெளியே தள்ளும் 120 மி.மீ. விசிறி ஒன்றும் அமைத்த பின்னரே அந்தத் தொல்லை நீங்கியது. முதலில் வாங்கிய 40 மி.மீ. விசிறிகள் மிக வேகமாகச் சுழன்று எழுப்பிய கீச்சொலிக்கு வீட்டில் கடும் எதிர்ப்பு! 12 வோல்ட் விசிறியை 7 வோல்ட்டில் ஓட்டினால் இரைச்சல் கணிசமாகக் குறைகிறது. பழைய படக்குழாய்த் திரை உள்ள பெட்டியில், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், இவ்வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்